முதுகில் பட்ட திருப்பாதம்

மனிதன் நிலாவில் கால் வைத்த அதே ஆடி மாதத்தில், காரைக்குடிக்குப் பக்கத்துக் கொத்தமங்கலத்தில் ஒருவர் மனிதர்களின் முதுகில் கால் வைத்துக்கொண்டிருந்தார். நிலாச் செய்தியைப் பல பேர் நம்பவில்லை. "அம்புட்டு உசரத்துக்கு எவன் போயிப் பாத்தான்?" என்று கேட்டார்கள். முதுகுச் செய்தியை நம்ப மட்டும் ஒருவருக்கும் ஒரு கேள்வியும் தேவைப்படவில்லை.

அவருக்குப் பெயர் திருப்பாதச் சுவாமிகள். அதற்கு முன் பெரியகருப்பன். அதற்கும் முன்னால், அதாவது பிறக்கிற நேரத்தில், தலைக்குப் பதிலாகக் கால்தான் முதலில் வெளியே வந்ததாம். அப்படிக் காலால் பிறந்தவர்கள் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்பது நம் பக்கத்தில் வீட்டுக்கு வீடு சொல்லிக்கொள்ளும் சங்கதி. வலி முழுவதும் பெற்றவளுக்கு, பட்டம் மட்டும் பிள்ளைக்கு! பெரியகருப்பன் கொஞ்ச காலம் சந்தையில் பல்பொடி விற்றார். தேய்த்தவர்களுக்குப் பல் இல்லாமல் போயிற்று, அவருக்குச் சந்தை இல்லாமல் போயிற்று. அப்புறம்தான் தமக்குக் கால் இருப்பது அவருக்கு நினைவு வந்தது.

கொத்தமங்கலத்தில் பெரிய பெரிய வீடுகள் உண்டு. அதில் ஒன்றின் சொந்தக்காரர்கள் கடல் கடந்து போய்த் திரும்பவே இல்லை. காவல்காரரைக் கைக்குள் போட்டுக்கொண்டு சுவாமிகள் அந்த வீட்டின் நடு முற்றத்தில் குடியேறினார். கூட்டம் அலைமோதியது. பருத்தி எடுத்துப் பருத்தி எடுத்து வளைந்த முதுகு, நாற்று நட்டு வளைந்த முதுகு, உட்கார்ந்து உட்கார்ந்தே வளைந்த முதுகு என்று எல்லா வகையும் வந்து வரிசையில் நின்றன.

வைத்தியம் இரண்டு கட்டம். முதலில் ஆளைக் குப்புறப் படுக்கச் சொல்வார். "பாதமே துணை!" என்று ஊரே அலறும். சுவாமிகள் இடுப்பில் ஓங்கி ஒரு மிதி வைப்பார். படுத்திருப்பவன் எழுப்பும் சத்தத்தைக் கேட்டு, பிடித்திருந்த சனியன் அலறுவதாகக் கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். அலறியது சனியன் இல்லை, சண்முகமோ சுப்பனோ என்பதை யார் கேட்பது?

இரண்டாவது கட்டம் பீடம். காவித் துணியால் சுற்றிச் சுற்றித் தைத்த ஒரு சாய்வு ஆசனம். பர்மாக் காட்டில் ஒரு சித்தர் அதில் உட்கார்ந்து தவம் செய்தாராம். சித்தர் சமாதியானதும் ஆசனம் தானாகக் கடலில் இறங்கி, மிதந்து வந்து தொண்டியில் கரை ஒதுங்கியதாம். பாஸ்போர்ட் இல்லாமல் வந்த ஆசனம்! மிதி வாங்கியவரைத் தூக்கி அதில் உட்கார வைப்பார்கள். முதுகைச் சாய்த்ததும் அவர் வாயிலிருந்து ஒரு "அப்பாடா!" வரும். அது பொய் இல்லை. உண்மையிலேயே சுகமாக இருந்தது. அதுதான் இந்த மோசடியில் இருந்த ஒரே உண்மை, மற்ற பொய்யெல்லாம் அதன் தோளில் ஏறித்தான் சவாரி செய்தது.

எழுந்து போகும்போது காணிக்கை. தேங்காய், கோழி, நெய், எண்ணெய். கூடவே முதுகெலும்பு உருவம் அடித்த தகடு ஒன்றை வாங்கி இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். தகடு ஐம்பொன் என்றார் சுவாமிகள். உற்றுப் பார்த்தவர்களுக்குப் பின்பக்கம் டால்டா டப்பாவின் பனைமரம் தெரிந்தது. "பாத்தீகளா, கற்பக விருட்சம்!" என்று அதையும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

இந்த வரிசையில் ஒரு நாள் சேவுகனும் வந்து நின்றார். காரைக்குடி தேவகோட்டை பஸ்ஸுக்கு டிரைவர். தை மாதம் வரை கல்லுக் குண்டு மாதிரி இருந்த மனிதர். தை மாதத்தில் முதலாளி பழைய பஸ்ஸை உடைத்துப் போட்டுவிட்டுப் புது பஸ் வாங்கினார். புது பெயிண்டு, புது ஹாரன், பயணிகளுக்கு மெத்தை. டிரைவருக்கு மட்டும் நிமிர்ந்த பலகை ஒன்று, அதன்மேல் பேருக்கு ஒரு ரெக்சின். பொங்கல் முடிந்து மாசி பிறப்பதற்குள் சேவுகனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பங்குனியில் கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் கண்ணில் தண்ணீர் வந்தது. "முடியலைன்னா சொல்லுப்பா, வேற ஆளைப் போட்டுக்கிறேன்" என்று முதலாளியும் சொல்லிவிட்டார். ஸ்டியரிங்கைத் தவிர வேறு எதையும் பிடிக்கத் தெரியாத சேவுகன் சாமியாரைப் பிடித்தார்.

கூடவே மனைவி கல்யாணசுந்தரியும் வந்தாள். காரைக்குடியில் வீட்டிலேயே மெஷின் போட்டு ரவிக்கை தைப்பவள். நாள் முழுவதும் உட்கார்ந்தே வேலை செய்பவள் என்பதால் முதுகைப் பற்றி அவளுக்கும் கொஞ்சம் தெரியும்.

சேவுகன் மிதி வாங்கினார், அலறினார். பீடத்தில் சாய்ந்தார். "அப்பாடா!" என்றார்.

கல்யாணசுந்தரி சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். இந்த "அப்பாடா" அவளுக்குப் பழக்கமான சத்தம். எங்கே கேட்டோம் என்றுதான் பிடிபடவில்லை. அதை யோசித்துக்கொண்டே, வரிசையில் எவரும் கேட்காத கேள்வியைக் கேட்டுவிட்டாள்.

"சாமி, மிதிக்கவும் செய்றீக, உக்கார வைக்கவும் செய்றீக. இதுல எதுனால குணமாகுது?"

"மகளே, பாதம் விரட்டும். பீடம் அருளும்."

"அப்ப மிதிக்காம உக்கார வச்சா?"

சுவாமிகள் கண்ணை மூடினார்.

"பாதத்தைச் சந்தேகிக்கிறாயா? காலால் பிறந்தவன் பாதம் இது!"

"நானும் காலால பிறந்தவதான் சாமி. எங்க ஆத்தா சொல்லும். சின்னப் பிள்ளையில இருந்து ஊரு சனம் பூராம் எங்க வீட்டு வாசல்ல வந்து படுத்துக்கிரும். நானும் மிதிச்சு மிதிச்சுப் பாத்துட்டேன், ஒருத்தருக்கும் குணமானதில்ல."

"குணமாச்சுன்னு சொல்லியிருப்பாகளே ஆத்தா?" என்றார் வரிசையில் நின்ற ஒரு பெரியவர்.

"சொன்னாக, சொல்லாம என்ன? இல்லைன்னு சொன்னா இன்னொரு தடவை மிதிச்சிருவேன்ல?"

நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். சாமியார் தொழிலுக்குச் சிரிப்பு ஆகாது. சுவாமிகள் கண்ணைத் திறந்தார். சேவுகனின் தலையில் கையை வைத்தார்.

"மகனே! உன் இடுப்பில் உட்கார்ந்திருப்பது எது தெரியுமா? இவள்தான்! வீட்டில் காலால் பிறந்த பெண் இருந்தால் அவளுடைய எதிர்க்கால் உன் இடுப்பில் ஏறும். இவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடு. இவள் கையால் தண்ணீர்கூடக் குடிக்காதே. வருகிற வெள்ளிக்கிழமை தனியாக வா. அவள் போகவில்லை என்றால் உனக்குப் பீடம் கிடையாது. சாகிறவரைக்கும் நிமிரமாட்டாய்!"

வீட்டுக்கு வந்ததும் சேவுகன் தூணைப் பார்த்துப் பேசினார். மனைவியைப் பார்த்துப் பேச அவருக்கு வாய் வரவில்லை.

"ஆடி மாசந்தானே… எல்லாப் பொம்பளைகளும் ஆத்தா வீட்டுக்குப் போறதுதானே…"

"ஆடிக்குப் போறது புதுப் பொண்ணுக. தலைப்பிள்ளை பள்ளிக்கூடம் போறப்ப எனக்கு என்ன ஆடி?"

"கொஞ்ச நாளைக்குத்தான் சுந்தரி. சாமி சொல்லும்போது…"

"எம்புட்டு நாளைக்குன்னு சாமி சொல்லுச்சா?"

சாமி சொல்லவில்லை. அதுதான் அவளைச் சுட்டது. இத்தனை வருடம் தன் கையால் சாப்பிட்ட மனிதர், அன்று இரவு பானையில் தானே தண்ணீர் மொண்டு குடித்தார். அவள் கோபத்தில் அழுதாள். அழுது முடித்ததும் யோசித்தாள். நம் ஊரில் பலரும் முதல் வேலையோடு நின்றுவிடுகிறார்கள்.

காலையில் சேவுகன் மர நாற்காலியில் உட்கார்ந்து முனகிக்கொண்டிருந்தார். அவள் பக்கவாட்டில் நின்று பார்த்தாள். நாற்காலியின் முதுகு நேராக இருந்தது, மனிதரின் முதுகு வளைந்திருந்தது. இடுப்புக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு பொந்து. தாங்க ஒன்றுமில்லாத இடத்தில் உடம்பு தன்னைத் தானே தாங்கித் தாங்கி வலித்தது. அவள் ஒரு பழைய துண்டை எடுத்தாள். குடம் தூக்கும்போது தலையில் வைக்கிற சும்மாட்டுக்குத் துணியை முறுக்குவது போல இறுக்கி முறுக்கினாள். வளையமாக்காமல் அந்தப் பொந்துக்குள் செருகினாள்.

"அப்பாடா!" என்றார் சேவுகன்.

"எப்படி இருக்கு?"

"தேவலை. நெசமாவே தேவலை."

"இப்ப எந்தச் சாமி மிதிச்சாக?"

சேவுகன் கொஞ்ச நேரம் யோசித்தார். "நேத்து மிதிச்சது இன்னைக்குத்தான் வேலை செய்யுது போல" என்றார்.

நம்பிக்கை என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்! கண் முன்னால் சோறு போட்டவளை விட்டுவிட்டு, ஏப்பத்துக்கு அடுத்த ஊர்க்காரனுக்கு நன்றி சொல்வது.

"பழைய பஸ்ஸுக்குக்கூட இப்படி ஒண்ணு முறுக்கித் தச்சுக் குடுத்தேனே, நெனப்பு இருக்கா?"

"எது?"

"ஒண்ணுமில்ல" என்றாள். சீட்டில் உட்காருகிறவர் சீட்டை எப்போது பார்த்தார்? ஆனால் பழைய பஸ் என்று வாயால் சொன்ன நொடியில்தான் அந்த "அப்பாடா"வை எங்கே கேட்டோம் என்பது அவளுக்கு விளங்கியது. காலையில் பஸ் ஸ்டாண்டுக்குச் சோற்று வாளி கொண்டு போகும்போதெல்லாம், பழைய பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து அவர் விட்ட அதே சத்தம்.

வெள்ளிக்கிழமை அவள் டிரங்குப் பெட்டியில் துணிகளை அடுக்கினாள்.

"போறேன். அதுக்கு முன்னால சாமியைக் கும்பிட்டுட்டு, அங்கிட்டு இருந்தே தேவகோட்டைக்கு எங்க ஆத்தா வீட்டுக்குப் போயிர்றேன். கடைசியா ஒரு கும்பிடு போடக்கூடாதா?"

கடைசியா என்ற சொல் சேவுகனின் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. பெட்டியை அவரே தூக்கிக்கொண்டார், இடுப்பு வலியோடு. கொத்தமங்கலத்துக்கு விட்டிருந்த ஸ்பெஷல் பஸ்ஸில் கண்டக்டர் இஞ்ஞாசிமுத்துவும் இருந்தார். பழைய பஸ்ஸிலிருந்தே சேவுகனோடு ஓடுபவர். பெட்டியைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், டிக்கெட் கிழிக்கவில்லை. "நான் வேதக்காரன், சர்ச்சுக்குப் போறவன், உங்க சாமி விசயத்துல பேசக்கூடாது. ஆனா நம்ம அண்ணன் செய்றது நல்லா இல்லக்கா" என்று மட்டும் முணுமுணுத்தார்.

ஆடி வெள்ளி. முற்றத்தில் எள் போட்டால் எள் விழாது. கல்யாணசுந்தரி டிரங்குப் பெட்டியோடு நேராகச் சுவாமிகள் முன்னால் போய் நின்றாள்.

"சாமி, சொன்னபடியே ஆத்தா வீட்டுக்குக் கிளம்பிட்டேன். பெட்டியைப் பாருங்க. போகும்போது என் மனசு ஆற ஒரே ஒரு வரம். இன்னைக்கு வந்தவகள்ல கொஞ்சப் பேரை மிதிச்சு மட்டும் அனுப்புங்க, பீடம் வேணாம். கொஞ்சப் பேருக்குப் பீடம் மட்டும், மிதி வேணாம். பாதத்தோட பெருமையை இந்தக் கண்ணால பாத்துட்டுப் போயிர்றேன்."

சுவாமிகள் மறுத்திருப்பார். ஆனால் கூட்டத்திலேயே அவருடைய பரம பக்தர் ஒருவர், "சாமி பாதம் பட்டாலே போதும்! எனக்குப் பீடமே வேணாம்!" என்று கூவிக்கொண்டு குப்புறப் படுத்துவிட்டார். பக்தனை விடப் பெரிய எதிரி சாமியாருக்கு யார்? வேறு வழியில்லாமல் மிதித்தார். பக்தருக்கு எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. "குணமா?" என்று கேட்டாள். பக்தர் சுவாமிகளைப் பார்த்தார், வாயைத் திறந்தார், "யம்மா!" என்றார். அடுத்து மிதி வாங்கியவர் தூணைப் பிடித்துக்கொண்டார். அடுத்து இருந்தவர் வரிசையை விட்டு மெல்ல நழுவினார்.

மிதி வாங்காமல் பீடத்தில் உட்கார்ந்த அம்மாளோ, "அப்பாடா! நான் இன்னைக்கு இங்கேயே இருந்துக்கிறேன்" என்றாள். எழுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

"பீடம்! எல்லாம் பீடத்தின் மகிமை!" என்று சுவாமிகள் உடனே கட்சி மாறினார்.

"சரி சாமி, பாதத்தை விட்டுருவோம். பீடத்தைப் பாப்போம்."

அவள் டிரங்குப் பெட்டியைச் சுவரோரம் இழுத்துப் போட்டாள். முட்டை வெள்ளைக்கரு குழைத்துப் பூசிய, கண்ணாடி போல வழவழப்பான, நேரான சுவர். சேவுகனின் தோளில் கிடந்த துண்டை எடுத்து எல்லோரும் பார்க்க முறுக்கினாள். மிதி வாங்கிய பக்தரைப் பெட்டியில் உட்கார வைத்து, இடுப்புக்கும் சுவருக்கும் நடுவில் செருகினாள். "நல்லா பின்னால தள்ளி உக்காருங்க. பாதம் தரையில படட்டும். உங்க பாதத்தைச் சொல்றேன்."

பக்தர் சாய்ந்தார். முகத்தில் இருந்த சுருக்கமெல்லாம் ஒவ்வொன்றாக அவிழ்ந்தது. "அப்பாடா!"

கூட்டத்தில் சலசலப்பு. அங்கங்கே தலைத்துண்டுகள் அவிழ்ந்து முறுக ஆரம்பித்தன. சுவரோரமாகவும் தூணோரமாகவும் உட்கார்ந்து ஆளாளுக்கு "அப்பாடா, அப்பாடா" என்றார்கள்.

"மூடர்களே! பீடத்தின் காற்றுப் பட்டதால்தான் அந்தத் துண்டுக்குச் சக்தி!" என்று சுவாமிகள் கத்தினார்.

"அப்ப பீடத்துக்குள்ள என்ன இருக்குன்னும் பாத்துருவோமா?"

"தொட்டால் கண் அவிஞ்சு போகும்!"

"போகட்டும். தையல்காரிக்குக் கண்ணு போனா நட்டம் எனக்குத்தானே?"

சேவுகன் அதுவரை தூணோடு தூணாக நின்றிருந்தார். கண் போகும் என்று கேட்டதும் அவருக்கு என்ன வந்ததோ, ஓடி வந்து மனைவியின் கையைப் பிடித்தார். "வேணாம் சுந்தரி! போனா என் கண்ணு போகட்டும்!" என்று சொல்லிவிட்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் காவித் துணியைப் பிடித்து இழுத்தார். தையல் பரபரவென்று பிரிந்தது. ஏமாந்த மனிதர்தான். ஆனால் நல்ல மனிதர்.

உள்ளே சித்தர் இல்லை. இரும்புச் சட்டம், ஸ்பிரிங், வெடித்துப் போன பச்சை ரெக்சின்.

"அண்ணே!" என்று, பஸ்ஸை நிறுத்திவிட்டுக் கூட்டத்தோடு வேடிக்கை பார்க்க வந்திருந்த இஞ்ஞாசிமுத்து அலறினார். "கண்ணைத் திறங்கண்ணே! இது நம்ம பழைய வண்டி டிரைவர் சீட்டு! இந்தா, நீங்க பீடி சுட்ட ஓட்டை!"

சேவுகன் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். கண் இருந்தது. ஓட்டையும் இருந்தது. பழைய இரும்புக் கடையில் கிடந்த சீட்டு, பர்மா போய்த் தவம் செய்துவிட்டுக் கடலில் மிதந்து வந்திருந்தது!

கல்யாணசுந்தரி குனிந்து, சீட்டின் முதுகில் இடுப்பு படும் இடத்தில் உருளையாகப் புடைத்திருந்ததைத் தடவினாள். ரெக்சின் வெடிப்புக்குள் விரலை விட்டு இழுத்தாள். அரக்கு நிறத்தில் மஞ்சள் கட்டம் போட்ட கண்டாங்கிச் சேலை, இறுக்கி முறுக்கித் தைத்தபடியே வந்தது.

"இது எஞ் சேலை" என்றாள். "இவுக இடுப்புக்குன்னு நான் முறுக்கித் தச்சுக் குடுத்த சேலை."

எவள் புருஷனின் இடுப்பில் உட்கார்ந்து கெடுக்கிறாள் என்று சாமி சொன்னாரோ, அவள்தான் அந்த இடுப்பை இத்தனை வருடமும் தாங்கியிருந்தாள். இது சேவுகனுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. "தண்ணி குடு சுந்தரி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவள் செம்பில் மொண்டு கொடுத்தாள். ஊர் பார்க்க அவள் கையால் வாங்கி மடக் மடக்கென்று குடித்தார்.

இந்தச் சந்தடியில் சுவாமிகள் கொல்லைப் பக்கம் நழுவினார். நழுவியவர் சும்மா போயிருக்கலாம். காணிக்கைத் தேங்காய் மூட்டையைக் கண்டதும் ஆசை விடவில்லை. குனிந்து ஒரே தூக்காகத் தூக்கினார்.

"ஐயோ! இடுப்பு!"

நிமிர முடியவில்லை. வில் மாதிரி வளைந்தபடியே நின்றார். தேங்காய்கள் உருண்டோடின. கூட்டத்தில் ஒருவன் உற்சாகமாகக் கத்தினான்: "காலால பிறந்தவக யாராவது இருந்தா வந்து மிதிங்கப்பா!"

எல்லோரும் கல்யாணசுந்தரியைத் திரும்பிப் பார்த்தார்கள். பெரியகருப்பனும் வளைந்தபடியே பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "வேணாந்தாயி! மிதிக்காதீக! மிதிச்சா வலிக்கும்!" என்று கும்பிட்டார். காலால் பிறந்தவர் வாயிலிருந்து, அவர் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து வெளிவந்த முதல் உண்மை!

அவள் மிதிக்கவில்லை. டிரங்குப் பெட்டியில் உட்கார வைத்து, துண்டை முறுக்கிச் செருகினாள்.

"அப்பாடா!" என்றார் திருப்பாதச் சுவாமிகள்.

சேவுகனும் இஞ்ஞாசிமுத்துவும் பழைய சீட்டைத் தூக்கிக்கொண்டு போய்ப் பஸ்ஸில் ஏற்றினார்கள். பெரியகருப்பன் உரிமை கொண்டாடவில்லை. டிரங்குப் பெட்டியும் ஏறியது, தேவகோட்டைக்கு இல்லை, காரைக்குடிக்கு. கதை இங்கே முடிந்திருந்தால் நானும் உங்களைப் போல நிம்மதியாகப் போயிருப்பேன்.

பஸ் கிளம்பும் நேரம், ஒருவர் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். பின்னாலேயே ஒரு கூட்டம். ஜன்னல் வழியாகக் கல்யாணசுந்தரியின் மடியில் இருந்த கண்டாங்கியைத் தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒருத்தி அதில் குங்குமமே வைத்துவிட்டாள்.

"தாயி, அந்தச் சேலையில ஒரே ஒரு நூலு குடுங்க தாயி! இடுப்புல கட்டிக்கிறோம்!"

கல்யாணசுந்தரி தலையில் அடித்துக்கொண்டாள்.

"நூலு வேணாம்யா. உங்க வீட்டுல பழைய துணி இருக்கும்ல, அதை முறுக்கி முதுகுக்கு வைங்க. சும்மாடு தலைக்கு வெளியில வைக்கிற சாமான். நீங்க உள்ள வச்சுக்கிட்டுத் திரியிறீக. முதல்ல அதை எடுத்து வெளிய போடுங்க. மூளைக்கு உக்கார இடம் வேணும்ல!"